கலிஃபோர்னியா மலைச்சரிவுப் பூக்கள்: விடியற்காலையில் படமெடுக்கப் போனால் எல்லாம் கூம்பிக் கிடக்கின்றன

விடியல்காரன் | ஞாயிறு மாலை 5:10

வணக்கம் நண்பர்களே. நேற்று ஆன்டிலோப் பள்ளத்தாக்கில், பாப்பி என்னும் ஆரஞ்சுப் பூக்களுக்கான காப்பகத்துக்குப் போய் வந்தேன். வந்ததிலிருந்து மனசு சரியில்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பி, இருட்டிலேயே காப்பகத்துக்கு வெளியே சாலையோரம் காரை நிறுத்தி, சூரியன் வருவதற்கு முன்பே ட்ரைபாடை ஊன்றிவிட்டுக் காத்திருந்தேன். வெளிச்சம் வந்தது, மேகம் கூட அழகாக இருந்தது, ஆனால் மலை வெறும் பச்சையாகக் கிடக்கிறது. ஆரஞ்சு நிறம் எங்கேயுமே இல்லை. இடம் மாறி வந்துவிட்டேனோ என்று கீழே குனிந்து பார்த்தால், பூக்கள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வெற்றிலைச் சுருள் மாதிரி இதழை இறுக்கிச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. எட்டு மணி வரை நின்றேன், ஒன்றும் அசையவில்லை. பையனுக்கு வகுப்பு இருந்ததால் திரும்பிவிட்டேன்.

மதியம் அதே இடத்தில் நண்பர் எடுத்து அனுப்பிய படத்தில் மலையே தீப்பிடித்த மாதிரி ஆரஞ்சு!

வரும் சனிக்கிழமை இன்னொரு நாள் கிடைக்கும். கரீஸோ சமவெளிக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது மலைச்சரிவு, பூ, விடியல் வெளிச்சம், மூன்றும் ஒரே படத்தில். கையில் 16-35 வைட் ஆங்கிள், 70-200 டெலி, கிட்டத்தில் எடுக்க ஒரு பழைய 100 மேக்ரோ என்று மூன்று லென்ஸ் இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

காட்டுமல்லி | ஞாயிறு மாலை 6:25

தம்பி, உங்கள் தவறு ஒன்றும் இல்லை. பாப்பியின் இயல்பே அதுதான். இரவில் கூம்பும், குளிரடித்தால் கூம்பும், மேகம் மூடினாலோ பலமாகக் காற்றடித்தாலோ பகலிலும் கூம்பிவிடும். நம் ஊர்த் தாமரையை வைத்து யோசித்துப் பாருங்கள், புரிந்துவிடும். வெயில் ஏறி இதழில் சூடு பட்ட பிறகுதான் விரியும். மார்ச் கடைசியில் அந்தப் பக்கம் காலைக் குளிருக்கு ஒன்பது, பத்து மணி ஆகிவிடும், சில நாள் அதற்கும் மேலே. 1903இலிருந்து இந்த மாநிலத்தின் பூ அது, படம் இல்லாத நாட்காட்டி இல்லை, ஆனால் அது எத்தனை மணிக்குக் கண்விழிக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் முதல் வருடம் இதே மாதிரி ஏமாந்துதான் தெரிந்துகொண்டேன்.

அதனால் விடியலில் படம் வேண்டும் என்றால் முதலில் பூவைத் தேர்ந்தெடுங்கள், லென்ஸ் எல்லாம் அப்புறம். ராத்திரியிலும் கூம்பாத பூக்கள் நிறைய உண்டு. லூபின் அப்படியே நிற்கும். ஃபசீலியா நிற்கும். மலைச்சரிவு டெய்சி, ஃபிடில்நெக், ஆந்தை க்ளோவர் எல்லாம் நிற்கும். கரீஸோவில் இவைதான் அதிகம், ஆகவே நீங்கள் நினைத்திருக்கும் இடம் சரியான இடம்.

லூபினை விடிகாலையில் கிட்டப் போய்ப் பாருங்கள். அதன் இலை உள்ளங்கை விரித்த மாதிரி இருக்கும், விரல்கள் சேரும் இடத்தில் ஒரே ஒரு பனித்துளி உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இலையின் மென்மயிர் அதை ஒட்டவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும். வெயில் வந்து அரை மணியில் அது போய்விடும். உங்கள் 100 மேக்ரோ அதற்கென்றே செய்தது.

பழைய ட்ரைபாட் | ஞாயிறு இரவு 8:02

காட்டுமல்லி அக்கா சொன்னது சரி, ஆனால் ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். கூம்பிய பாப்பி படமெடுக்கத் தகுதியில்லாத பூ என்று ஏன் விட்டுவிட வேண்டும்? விரிந்த பாப்பியை லட்சம் பேர் எடுத்திருக்கிறார்கள். கூம்பிய பூவைத் தரையோடு தரையாகப் படுத்து, சூரியனுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். சுருண்ட இதழ் வழியாக வெளிச்சம் ஊடுருவும்போது உள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருக்கும். இதழ் ஒன்றின் மேல் ஒன்று சுற்றியிருக்கும் கோடு கூடத் தெரியும். 70-200ஐ 200இல் வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுவதும் திறந்து, பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான பூக்களை வெறும் ஆரஞ்சுப் பொட்டுகளாக்கினால் போதும். நேற்று அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் காலடியில் படம் இருந்தது, மலை முழுக்க நிறம் வேண்டும் என்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

தேன்சிட்டு | ஞாயிறு இரவு 9:40

கரீஸோ பற்றி நான் சொல்கிறேன். பூக்கள் அளவில்லாமல் பூத்த 2017, 2019, 2023 மூன்று வருடங்களிலும் போயிருக்கிறேன். 2017ஐ மறக்கவே முடியாது. 2012இலிருந்து ஐந்து வருட வறட்சியில் அந்நியப் புற்கள் காய்ந்து ஓய்ந்துபோக, விதைகள் மண்ணுக்குள்ளேயே காத்திருந்து, நல்ல மழை கிடைத்ததும் ஒரேயடியாக எழுந்துவந்தன.

பூ எது என்று காட்டுமல்லி சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த கேள்வி, சரிவு எந்தத் திசை பார்த்தது என்பது. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கரீஸோ என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது டெம்ப்ளர் மலைத்தொடர், மஞ்சளும் ஊதாவும் ஆரஞ்சும் பட்டை பட்டையாகப் பூசிய அந்த மலை. அது சமவெளிக்குக் கிழக்கே இருக்கிறது. சமவெளியில் நின்று நாம் பார்ப்பது அதன் மேற்கு பார்த்த முகம். சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால்தான் எழும்! எல்க்ஹார்ன் சாலையில் மலையடிவாரத்தில் நின்றால் சூரியோதயம் முடிந்து அரை மணிக்கு மேலாகியும் நிழலிலேயே நிற்பீர்கள், கடைசியில் வெயில் வரும்போது அது உறைத்துவிட்டிருக்கும். அந்த மலை மாலைக்கானது. சூரியன் இறங்கும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு அங்கே போங்கள்.

காலைக்குச் சமவெளியின் மேற்குப் பக்கம், கலியன்டே மலைத்தொடர். அதன் அடிவாரக் குன்றுகள் கிழக்கு பார்த்தவை. கேசிஎல் முகாம் இருக்கும் பக்கம்தான். முதல் வெயில் அந்த மலை உச்சியில் இளஞ்சிவப்பாக விழுந்து மெதுவாக இறங்கி உங்கள் காலடிப் பூவுக்கு வரும். உச்சியில் வெயில் விழுந்ததற்கும் பூவில் விழுவதற்கும் நடுவே கால் மணி நேரம் கிடைக்கும், உங்கள் வேலை முழுவதும் அந்தக் கால் மணியில்தான்.

இன்னொரு வழி, சோடா ஏரிக்கு மேலே இருக்கும் சிறிய குன்று. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் உப்பு பூத்த ஏரி, அதைச் சுற்றித் தங்கப்பொடி தூவிய மாதிரி கோல்ட்ஃபீல்ட்ஸ் என்னும் மஞ்சள் பூக்கள், பின்னால் டெம்ப்ளர் கறுப்புக் கோடாக. சரிவு வேண்டும் என்று நீங்கள் கேட்டதால் இதை இரண்டாவதாகச் சொல்கிறேன்.

விடியல்காரன் | ஞாயிறு இரவு 10:15

தேன்சிட்டு அண்ணா, மிக்க நன்றி. நான் எல்க்ஹார்ன் சாலையில்தான் போய் நிற்பதாக இருந்தேன். இன்னொரு சனிக்கிழமையும் வீணாகியிருக்கும். சாலை எப்படி இருக்கும்? என்னுடையது சாதாரண செடான்.

தேன்சிட்டு | ஞாயிறு இரவு 10:48

சோடா ஏரிச் சாலையில் நடுவில் கொஞ்ச தூரம் மண்சாலை, காய்ந்திருந்தால் செடானில் மெதுவாகப் போகலாம். குறுக்கே போகும் சிம்லர் சாலையும், எல்க்ஹார்னும் மழை பெய்திருந்தால் வேண்டவே வேண்டாம். அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது, நாலு சக்கரமும் இழுக்கும் 4x4 வண்டிகளும் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பெட்ரோல் இல்லை, குடிதண்ணீர் இல்லை, கடை இல்லை, போனில் சிக்னலும் பெரும்பாலும் இல்லை. டாஃப்டிலோ மேரிகோபாவிலோ டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். இரண்டரை லட்சம் ஏக்கருக்குக் கொஞ்சமே குறைவான பரப்பு அது, 2001இல் நேஷனல் மான்யுமென்ட், அதாவது பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள், ஆள் நடமாட்டம் அவ்வளவு குறைவு. நுரையீரலைத் தாக்கும் வேலி ஃபீவர் நோயின் பூஞ்சை மண்ணில் உள்ள வட்டாரம், தூசியோடு உள்ளே போகும், அதனால் காய்ந்த மண்சாலையில் முன்னால் ஒரு வண்டி போனால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

மலைக்காற்று | திங்கள் காலை 7:20

கேமரா பக்கம் யாரும் பேசவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

விடியலின் பெரிய லாபம் நிறம் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் காற்று இல்லாததுதான் பெரிய லாபம். கரீஸோவில் ஒன்பது, பத்து மணிக்குக் காற்று கிளம்பிவிட்டால் அப்புறம் மாலை வரை நிற்காது. ஒரு முழம் உயரக் காம்பின் நுனியில் இருக்கும் பூ, நமக்குத் தெரியாத காற்றுக்கும் ஆடும். விடிவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அது சிலை மாதிரி நிற்கும். அந்த நேரத்தில்தான், கிட்டப் பூவும் தூரத்து மலையும் தெளிவாக வர, ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி நாலைந்து படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்க முடியும்.

உங்கள் 16-35ஐ 16இல் வைத்து எஃப் 11 அப்பர்ச்சரில், முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், சுமார் 40 செ.மீ.யிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். பூவை அதைவிடக் கிட்டக் கொண்டுபோனால்தான் படங்களைச் சேர்க்கும் வேலை. முதல் படம் முன்னால் இருக்கும் இதழில், கடைசிப் படம் மலையில். காற்று எழுந்துவிட்டால் இதையெல்லாம் மறந்துவிட்டு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 800, 1600 என்று ஏற்றி ஷட்டரை 1/250க்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிய பூவை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

மஞ்சள் பூவில் ஒரு ஆபத்து. ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) மொத்தமாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரி காட்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பாருங்கள், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும். விடியல் வெயிலே சிவப்பு, பூ மஞ்சள், இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இதழில் நரம்பே இருக்காது, மஞ்சள் பெயின்ட் அடித்த மாதிரி ஒரு தட்டை. வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா (RAW) கோப்பாக எடுங்கள். ஃபசீலியாவுக்கு வேறு தொல்லை. கண்ணுக்கு ஊதாவாகத் தெரிவது நிழலில் கேமராவுக்கு நீலமாகிவிடும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பாமல், அங்கேயே கண்ணால் பார்த்த நிறத்தை மனதில் வைத்து வந்து திருத்துங்கள்.

குளிரில் எடுக்கும்போது லென்ஸில் ஆவி படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான காருக்குள் வைத்திருந்து குளிரில் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் குளிரில் ஊறிய லென்ஸைத் திரும்பக் கார் ஹீட்டர் முன்னால் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். அது போக நெடுநேரம் ஆகும்.

போன்கேமரா | திங்கள் மதியம் 12:31

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. நானும் வரலாமா, ஏதாவது தேறுமா?

பழைய ட்ரைபாட் | திங்கள் மதியம் 1:05

தாராளமாக வாருங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும், பெரிய கேமராக்காரர்கள் மண்ணில் புரண்டு எடுக்கும் கோணம் உங்களுக்குச் சும்மா கிடைக்கும். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

மூன்றாம்கண் | திங்கள் மாலை 6:44

எல்லோரும் சொல்வது நன்றாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். பூவுக்கு நடுவில் போய் நிற்காமல் இந்த வைட் ஆங்கிள் படம் எப்படி வரும்? இரண்டடி உள்ளே போனால் என்ன ஆகிவிடப் போகிறது, கோடிக்கணக்கில் பூத்திருக்கிறது.

காட்டுமல்லி | திங்கள் இரவு 8:30

இதற்குப் பொறுமையாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல மனசோடு வருபவர்களே இதைச் செய்கிறார்கள்.

இந்தப் பூக்களில் பெரும்பாலானவை ஒரு வருடச் செடிகள். விதை விழுந்து, முளைத்து, பூத்து, மறுபடி விதை போட்டுச் சாவது எல்லாம் சில மாதங்களுக்குள். மிதித்த செடி விதை போடாது. மிதித்த மண் இறுகிவிடும், அடுத்த மழையில் அங்கே முளைப்பது குறையும். நீங்கள் இரண்டடி போவீர்கள், அந்தக் காலடி தெரிவதைப் பார்த்துப் பின்னால் வருபவர் பாதை என்று நினைத்து நாலடி போவார். 2019இல் லேக் எல்சினோர் அருகே வாக்கர் கேன்யனில் இப்படித்தான் நடந்தது. கூட்டம் தாங்காமல் மலை முழுக்கக் கோடு கோடாகப் புதிய பாதைகள். 2023இல் பூ வருவதற்கு முன்பே அந்த இடத்தை மூடிவிட்டார்கள். நான் அந்த மலையை 2019க்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன், பின்னாலும் பார்த்திருக்கிறேன், இரண்டாவது தடவை எனக்குக் கேமராவை வெளியே எடுக்கவே கை வரவில்லை.

கரீஸோவில் இன்னொன்றும் இருக்கிறது. தரையில் வட்ட வட்டமாக மேடு தட்டி, வளைகளாகத் தெரிந்தால் அது ராட்சதக் கங்காரு எலியின் வீடு. அழியும் நிலையில் இருக்கும் உயிர். மேலே கால் வைத்தால் வளை உள்ளே சரிந்துவிடும்.

வைட் ஆங்கிளுக்குப் பாதையோரத்துப் பூவே போதும். கேமராவை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினால் முன்னால் இருக்கும் பத்துப் பூ, பின்னால் இருக்கும் வெற்று மண்ணை மறைத்துவிடும், பாதையில் நின்று எடுத்ததே தெரியாது. பூவுக்குள் படுத்து எடுத்த மாதிரியே இருக்கும். ஓரத்தில் பூ இல்லையென்றால் 70-200ஐ மாட்டி எதிர்ச் சரிவை எடுங்கள். தூரத்து மலையின் நிறப் பட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கிக் காட்ட அதைவிட நல்ல லென்ஸ் இல்லை.

மூன்றாம்கண் | திங்கள் இரவு 9:12

புரிந்தது அக்கா. எலி வளை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. போன வருடம் அந்த மேடுகள் மேல் ஏறி நின்றுதான் நான் படம் எடுத்தேன், பார்வைக்கு உயரமாக இருந்ததால். இனிமேல் செய்ய மாட்டேன்.

தேன்சிட்டு | செவ்வாய் காலை 6:50

ஒரு சின்னச் சேர்க்கை. டெம்ப்ளர் என்றாலே ஸ்பானிஷ் மொழியில் நிலநடுக்கம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அந்த மலையடிவாரத்தில்தான் ஓடுகிறது. வாலஸ் ஓடையில் போய்ப் பார்த்தால், நேராக இறங்கிவந்த ஓடை பிளவுக்கு வந்ததும் சட்டென்று திரும்பி சுமார் 130 மீட்டர் பக்கவாட்டில் ஓடி மறுபடி இறங்குகிறது. அவ்வளவு தூரம் நிலமே நகர்ந்திருக்கிறது, 1857 நிலநடுக்கத்தில் மட்டும் பல மீட்டர் அளவுக்கு. உச்சிவெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. வெயில் தாழ்ந்திருக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் நிழல் கட்டித் தெரியும், அந்த மடிப்பில் மஞ்சள் பூ வழிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். மாலை படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விடியல்காரன் | ஞாயிறு காலை 11:20

போய்விட்டு வந்துவிட்டேன்! கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவே கேசிஎல் முகாமுக்குப் போய்க் காரிலேயே தூங்கினேன். நல்ல குளிர். ஐந்தரைக்கு எழுந்து, டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டே பழைய வண்டித்தடம் ஒன்றில் நடந்து, முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவைத்திருந்த குன்றுக்குப் போனேன். கிழக்கு பார்த்த சரிவு. தடத்தின் ஓரத்தில் ஃபசீலியா முழங்கால் உயரத்துக்கு நின்றது, அதற்கு மேலே சரிவு முழுக்க மஞ்சள் டெய்சி.

6:20 வாக்கில் வானம் வெளுத்தது. அந்த நேரத்தில் நிழலே இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது, நான் இதுவரை அதைக் கவனித்ததே இல்லை, சூரியன் வரட்டும் என்றே காத்திருப்பேன். ஃபசீலியாவின் ஊதா அந்த வெளிச்சத்தில்தான் சரியாக வந்தது. பூங்கொத்து தேள் கொடுக்கு மாதிரி சுருண்டிருக்கிறது, சுருளின் மேல்பக்கம் விரிந்த பூ, உள்பக்கம் இன்னும் திறக்காத மொட்டு. மலைக்காற்று சொன்ன மாதிரி ஃபோகஸை நகர்த்தி ஆறு படம். ஒரு இலை கூட அசையவில்லை. 6:45க்குக் கொஞ்சம் முன்னால் கலியன்டே உச்சியில் சிவப்பு விழுந்தது. அங்கிருந்து வெயில் இறங்கி என் பூவுக்கு வர பதினேழு நிமிடம். அதற்குள் எடுத்தவைதான் எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம்.

வெயில் வந்த பிறகு திரும்பி நின்று சூரியனுக்கு எதிரே பார்த்தேன். ஃபிடில்நெக் செடியின் தண்டு முழுக்க முள் மாதிரி மயிர் இருக்கிறது, பகலில் பார்த்தால் சொரசொரவென்று ஒரு களை, அவ்வளவுதான். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு மயிரும் வெள்ளிக் கம்பியாக மின்னியது, செடியைச் சுற்றி ஒரு வெளிச்சக் கோடு. பழைய ட்ரைபாட் சொன்னது அப்போதுதான் புரிந்தது. சிவப்பு மட்டும் தனியாகப் பார்த்து முக்கால் ஸ்டாப் குறைத்தேன், மஞ்சள் இதழில் நரம்பு அப்படியே இருக்கிறது.

எட்டரைக்கு மூட்டை கட்டியிருக்க வேண்டும். தடத்தின் முடிவில் சின்னதாக ஒரு பாப்பித் திட்டு கண்ணில் பட்டது, இருபது பூ இருக்கும், எல்லாம் சுருள். இந்த முறை விடுவதில்லை என்று ட்ரைபாடை ஊன்றி, நிமிடத்துக்கு ஒரு படம் வைத்துவிட்டு ஃபிளாஸ்க் டீயோடு உட்கார்ந்துவிட்டேன். 9:25 வரை ஒன்றுமே இல்லை. அப்புறம் வெயில் நேராகப் பட்ட ஓரத்துப் பூ ஒன்றில் வெளி இதழ் தளர்ந்தது. கண்ணால் பார்த்தால் அசைவு தெரியவில்லை, வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் திறந்திருக்கிறது. பத்தேகாலுக்கு ஏழு பூ முழுதாக விரிந்திருந்தது, பாறை நிழலில் இருந்த மூன்று மட்டும் கடைசி வரை கூம்பியே இருந்தன. அதற்குள் காற்று வந்துவிட்டது, கடைசி இருபது படங்களில் எல்லாம் ஆடுகின்றன. இருந்தாலும் அந்தத் தொடரைத் தூக்கிப்போட மனமில்லை, பையன் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான்.

மழை இல்லையென்றால் வரும் வெள்ளி இரவும் கேசிஎல்லில்தான் இருப்பேன், இந்த முறை பையனும் வருகிறான். மாலையில் வாலஸ் ஓடை, காலையில் அதே குன்று. வருபவர்கள் வியாழனுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், தண்ணீர் எவ்வளவு எடுத்து வருவது என்று பார்த்துக்கொள்கிறேன்.

போன்கேமரா | ஞாயிறு காலை 11:41

நான் வருகிறேன்.